பூஜையில் உட்கார்ந்த பிளேயர்

சுமலதா குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. தலையில் சுற்றிய துண்டோடு நேராகத் தன் மேசைக்குப் போனாள். பட்டு நூல் சுற்றிய ஜிமிக்கிகள் மட்டும் அட்டைப் பெட்டியில் கவிழ்ந்து கிடந்தன. மற்றபடி மேசை துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"அம்மா, என் பிளேயர் எங்க?"

"சாமிகிட்ட இருக்குது." தைலம்மாள் பொரியில் வெல்லத்தைப் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரஸ்வதி படத்தின் முன்னால் வாழையிலை விரித்திருந்தது. அதில் நைனாவின் ஸ்பேனர்கள், களைக்கொத்து, அரிவாள், தம்பியின் லேப்டாப். நட்ட நடுவில் அவளுடைய உருண்டை மூக்கு பிளேயர், கட்டர், கத்தரிக்கோல், பசை உருக்கும் க்ளூ கன். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. க்ளூ கன்னின் மூக்கில் ஒரு சாமந்திப்பூ வேறு.

"சாயந்தரம் படைக்கறேன்னு தானே சொன்ன?"

"உங்க நைனா டிராக்டர எடுத்துக்கினு கிளம்பணும்னாரு. சரின்னு இப்பவே முடிச்சிட்டேன். போன வருஷம் உன் சாமான வெக்கலன்னு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினல்ல? இந்த வருஷம் நடுவுலயே வெச்சிருக்கேன் பாரு."

சுமலதாவுக்குச் சந்தோஷமா, பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஆயுத பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. ஆனால் இன்று இருட்டுவதற்குள் அனந்தபுரம் கோயிலில் கலைச்செல்வி டீச்சரின் பிள்ளைகள் கோலாட்டம் ஆடுகிறார்கள். அவர்கள் காதில் தொங்க வேண்டிய ஜிமிக்கிகள் இந்தப் பெட்டியில் கிடக்கின்றன. ஒன்றுக்கும் கொக்கி இல்லை.

அது அவள் வேலை செய்கிற முறை. முதலில் எல்லா ஜிமிக்கிக்கும் நூல் சுற்றி, மணி கோத்து முடிப்பாள். கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எல்லாக் கம்பியையும் வளைப்பாள். அப்போதுதான் கொக்கிகள் ஒரே அச்சாக வரும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வளைக்காவிட்டால் கொக்கி மாட்ட முடியாது, மணியும் உருவிக்கொண்டு விழும்.

"கடையில வாங்கிடலாமாம்மா?" என்று டீச்சர் போன வாரம் கேட்டதற்கு, "வேணாம் டீச்சர், நான் குடுக்கறேன்" என்று சொன்னது அவள் வாய்தான். இதுவரை தோழிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். தீபாவளிக்கு மத்தாப்பூ மாதிரித் தோடு, பொங்கலுக்குக் குட்டிப் பானை ஜிமிக்கி என்று செய்து படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். ஊரில் அதைப் பொம்மை வேலை என்றார்கள். ஊரைத் தாண்டி ஒருத்தர் நம்பிக் கேட்டது இதுதான் முதல் தடவை. இன்று பிள்ளைகள் வெறும் காதோடு ஆடினால் இனி யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரு கம்பியை விரலால் வளைத்துப் பார்த்தாள். நெளிந்த புழு மாதிரி வந்தது. பல்லால் கடித்தாள். ஈறு வலித்ததுதான் மிச்சம். செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

செஞ்சியில் ஒரு பிளேயர் கிடைக்காமலா போகும்? எலக்ட்ரிக் கடை நெடுமாறன் அண்ணன் கடைக்குள் கையைக் காட்டினார். அங்கே டெஸ்டர், சுத்தியல், பிளேயர் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. "புதுசு ஒண்ணு குடுங்கண்ணா" என்றாள். "நோஸ் பிளேயர் எல்லாம் சதுர மூக்குதாம்மா. உன்னுது மாதிரி உருண்டையா வேணும்னா ஆன்லைன்லதான் வரும்," என்றார். சைக்கிள் கடைக்குப் போனால் பூசணிக்காய் உடைத்துக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். நகை செய்யும் பத்தர் கடையில் உலையே சாமியாக இருந்தது. ஊரில் இருக்கிற பிளேயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டதுபோல் அவளுக்கு இருந்தது. கோட்டை மலைப் பாறைகள்கூட யாரோ பொட்டு வைத்து அடுக்கிவிட்டுப் போனவை மாதிரித் தெரிந்தன.

கடைசியாக ஜமீல் பாயின் பைக் மெக்கானிக் ஷெட் நினைவுக்கு வந்தது. பாய் பூஜை போடமாட்டார். ஏதாவது ஒன்று இருக்கும், எப்படியாவது வளைத்துவிடலாம்.

ஷெட் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது.

"நீங்களுமா பாய்?"

"இன்னாமா பண்றது, வேலக்காரப் பசங்க வெச்சிட்டானுங்க. எனுக்கும் பொரி குடுத்துட்டுப் போயிருக்கானுங்க. நீ கொஞ்சம் துன்றியா?"

"ஒரு பிளேயர மட்டும் எடுத்துக் குடுங்க பாய். உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"எனுக்கு ஒண்ணும் இல்லமா. பசங்க நாளைக்கு வந்து, யாரு கை வெச்சதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அவனுங்க நம்பி வெச்சிட்டுப் போனது." பாய் பொரியை அள்ளி அவள் கையில் கொட்டினார்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் போன் செய்தார். "பஸ் ஏறிட்டியாம்மா? பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

"கெளம்பிட்டேன் டீச்சர்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் இலையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைலம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கை வெக்காதடி. தொழில் வெளங்காம போய்டும்."

"இன்னிக்குக் குடுக்கலன்னா தொழிலே இல்லம்மா. என்னத் தொழில்காரின்னுதான இதுங்கள நடுவுல வெச்ச? தொழில்காரின்னா சொன்ன நேரத்துக்குக் குடுக்கணும்ல?"

தைலம்மாள் புடவை முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"நைனாவோட டிராக்டரும் பூஜ போட்டதுதான? அது மட்டும் ஓடுதே," என்றாள் சுமலதா.

"அது வண்டி. எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு ஓட்டிக்கினு போலாம்."

"அப்ப இதுவும் நசுக்கட்டும்."

"எதால?"

"வாயாலதான்."

தைலம்மாள் மகளை முறைத்தாள். அப்புறம் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்த எலுமிச்சம்பழம் கோலிக்குண்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. "இந்தக் கூத்த யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத. நீயே எடு. நான் தொடமாட்டேன்."

சுமலதா பிளேயரை எடுத்தாள். குங்குமம் விரலில் ஒட்டியது. மூக்கைத் திறந்து பழத்தைக் கவ்வி அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு ஓடிய பழம் லேப்டாப்பில் மோதி நின்றது. தைலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கவ்வி அழுத்திப் பிடித்ததும் தோல் கிழிந்து சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

"ஓடிடுச்சி. போ," என்றாள் தைலம்மாள்.

அதற்குப் பிறகு சுமலதா தலை நிமிரவில்லை. கம்பியை வளை, கொக்கியை மாட்டு, வளையத்தை மூடு. கம்பி குத்திய இடங்களில் எலுமிச்சைச் சாறு எரிந்தது. தைலம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதெல்லாம் பூஜையில் வைக்காதது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சிவப்போடு சிவப்பும் பச்சையோடு பச்சையுமாக ஜிமிக்கிகளைச் சோடி சேர்த்துக் கொடுத்தாள். கொக்கிகள் ஒரே அச்சாகத்தான் வந்தன. கடைசி இரண்டு மட்டும் கொஞ்சம் அகலமாகிவிட்டன. திருத்த நேரமில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ஜிமிக்கிகளை அடுக்கிய டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக அவள் படுத்திய பாட்டைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெண்மணி, "உள்ள இன்னாம்மா, உயிரோட எதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

அனந்தபுரத்தில் பிள்ளைகள் பச்சைப் பாவாடையும் கையில் குச்சியுமாகக் கோயில் சுவரோரம் காத்துக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வி டீச்சர் பாக்ஸை வாங்கி, ஒவ்வொரு காதாகத் தானே மாட்டிவிட ஆரம்பித்தார். அகலக் கொக்கி இரண்டும் வெண்மதி என்கிற குட்டிப்பெண்ணுக்குப் போயின. அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். இடது காதில் இருந்தது கழன்றுவிடும்போல் ஆடியது.

போன் அடித்தது.

"குடுத்துட்டியா?" என்றாள் தைலம்மாள்.

"குடுத்துட்டேன்மா."

"பிளேயர நான் தொடச்சி எண்ண போட்டு வெச்சிட்டேன். பழச்சாறு துரு ஏத்திடும்ல. பொட்டு வெச்சி அங்கியே வெச்சிருக்கேன். காலைல எடுத்துக்க."

தொடமாட்டேன் என்று சொன்னவள் அவள். சுமலதா பதில் சொல்வதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. குச்சிகள் மோதிக்கொண்டன, பிள்ளைகள் குதித்தார்கள். அவளால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. வெண்மதியின் இடது காது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமெல்லாம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அவளும் நகர்ந்துகொண்டே இருந்தாள்.