முன்சீட்டு

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்: மெக்கானிக், அவனுடைய அக்கா, அக்காவின் கணவர், அவர்களின் ஒரே மகள், மகளைக் கட்டிய மாப்பிள்ளை, பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைக்கும், ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லி ஆள். கடைசி ஆளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சண்டை வரும்போலத் தெரிந்ததும் பழைய டயர் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். இவர்களோடு, வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, மூத்தது.

மூத்தது என்பது கார். மகள் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்ததால் அந்தப் பெயர். பெயின்ட் வெளுத்துவிட்டது, பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது. இஞ்சின் மட்டும் கல்லுக்குண்டு. தகராறெல்லாம் கியர்பாக்ஸில்தான். அத்தனை வருஷம் வாய் திறக்காமல் உழைத்தது, போன வருஷம் பல்லெல்லாம் தேய்ந்து படுத்துக்கொண்டது. மெக்கானிக் தன் கையாலேயே பிரித்து, போனதையெல்லாம் மாற்றி, ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். இப்போது வருஷம் திரும்புவதற்குள் அதே வியாதி. இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. விழுந்தாலும் நிற்காமல் துள்ளி வெளியே வந்துவிடுகிறது.

"சொந்த மச்சான்னு நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்றார் அக்காவின் கணவர்.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையர். எத்தனையோ வேலித் தகராறுகளில் அவர் கை காட்டிய இடத்தில்தான் கல் நட்டார்கள். தான் தப்புப் பண்ணியிருக்கலாம் என்ற எண்ணம் அவர் தலைக்குள் நுழைய வழியே கிடையாது. எப்போதும் உரக்கத்தான் பேசுவார். கொஞ்ச வருஷமாக இன்னும் உரக்க.

"முதல்ல ஓட்டிப் பாத்துருவோம் அத்தான்" என்றான் மெக்கானிக்.

"ஓட்டி என்னத்தைப் பாக்கறது? பழைய சாமானைக் கழுவி மாட்டி விட்டிருக்கே. சம்பந்தி வீட்ல கேக்கறாங்க, உங்க மச்சான் பட்டறை எப்படின்னு."

"என்ன சொன்னீங்க?"

அத்தான் மனைவியைப் பார்த்தார். "என்ன சொன்னீங்கன்னு கேக்கறான்" என்றாள் அக்கா.

"உள்ளதைச் சொன்னேன்!"

டயரில் இருந்தவன் உச்சுக்கொட்டினான். மெக்கானிக் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றான். அவனுக்குப் படிப்பு பாதியில் நின்றது, கல்யாணம் பேச்சோடு நின்றது. பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவன் கைபட்டுப் போன கியர்பாக்ஸ் அதே நோவோடு திரும்பி வந்ததில்லை. அதில் அவனுக்குத் தலைக்கனம் இருந்தது, அதை மறைக்கவும் மாட்டான். வாசல் போர்டில் தன் பேரைக்கூடப் போடாமல் 'கியர்பாக்ஸ் வேலை' என்று மட்டும் எழுதி வைத்திருப்பவன். அந்த ஒன்றை இன்று சொந்த அத்தானே புது மாப்பிள்ளை முன்னால் போட்டு மிதிக்கிறார். துடைக்காமல் விட்டால் இந்தச் சேறு காயவே காயாது.

அவனே ஏறித் தெருக்கோடி வரை ஓட்டினான். கிளட்சைத் தரை தட்ட மிதித்துப் போட்டால், கியர் முனகிக்கொண்டாவது விழுந்தது. திரும்பி வந்து இறங்கினான்.

"என் கைக்கு விழுது."

"அப்ப என் கைதான் கோணலா?"

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாக்கறேன்."

மாப்பிள்ளை முன்சீட்டில் ஏறினார். ஆறு மாசத்துக்கு முன்னால் கல்யாணமானதிலிருந்து அது அவருக்கு எழுதி வைத்த இடம். வேண்டாம் என்று அவர் எத்தனை முறை மறுத்தாலும் அத்தான் விடமாட்டார். மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்தால் குடும்ப மானமே பின்னால் உட்கார்ந்த மாதிரி. மகளும் மாப்பிள்ளையும் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறார்கள். தினமும் காலையில் இருவரையும் வேலைக்குக் கொண்டுபோய் விடுவது அத்தானின் பிடிவாதம். அதுவரை முன்சீட்டில் இருந்த அக்கா, கதவு திறக்காத பின்பக்கத்துக்கு மாறிவிட்டாள். அவள் பழைய கேலிப்பொருள். புருஷன் பெட்ரோல் போடப் போனாலும் கூடவே போய் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். "இதுகளைப் பிரிச்சு வச்சா ரெண்டும் ஓடாது" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

மகள் பட்டறையிலேயே நின்றுகொண்டாள். மெக்கானிக் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது.

முதல் கியரில் இஞ்சின் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மாற்ற வேண்டிய இடம் வந்தது, போனது. இஞ்சின் கதறியது. அத்தான் நிதானமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மெக்கானிக் அதைக் கவனித்தான். அக்காவின் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்து முன்னால் போனது. முன்சீட்டின் முதுகில் முட்டியது. திரும்பி வந்து மடியில் விழுந்தது.

அத்தான் ஒருவழியாகக் கியரைப் பிடித்தார். கிளட்சை அரைகுறையாக மிதித்து, ஒரே தள்ளு. கரகரவென்று உள்ளே இரும்பு இரும்பைத் தின்றது. மாப்பிள்ளையின் தோள் குறுகியது. மெக்கானிக்குக்குப் பல் கூசியது. அத்தான் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அடுத்த கியருக்கும் அக்கா கை எழுந்தது, முட்டியது, விழுந்தது.

"என்னக்கா பண்றே?" என்றான் மெல்ல.

"ஒண்ணுமில்லடா."

"கை எங்க போகுது?"

அவள் புருஷனின் பிடரியைப் பார்த்தாள். அவன் குரலை இறக்காமல், சாதாரணமாகவே அடுத்ததைக் கேட்டான். "எத்தனை வருஷமாக் கேக்கலே அவருக்கு?"

கையெட்டும் தூரத்தில் இருந்த அத்தான் திரும்பவில்லை.

"பொண்ணு காலேஜ் சேர்ந்தப்பலேர்ந்து. கொஞ்சங் கொஞ்சமா" என்றாள் அக்கா. "வண்டி கத்தும்போது கையில ஒரு தட்டுத் தட்டுவேன். மாத்திருவாரு. இப்ப எட்ட மாட்டேங்குது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சாவியைத் தூக்கிப் போட்டுட்டு மூலையில உக்காந்துருவாருடா. அதுக்கப்புறம் அந்த வீட்ல நான் இருக்கணுமா வேண்டாமா? நீ வாயைத் திறந்தே, கொன்னுருவேன்."

"என் பேரு நாறுதுக்கா."

"தெரியும்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருக்கும். கேட்காதவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிடரி மட்டும் சிவந்திருந்தது. தனக்குக் கொடுத்த மரியாதைதான் கியர்பாக்ஸைத் தின்றது என்று இப்போது அவருக்கும் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பியதும் அத்தான் கதவை அறைந்து சாத்தினார்.

"பாத்தியா? இப்ப என்ன சொல்றே?"

"சொல்லுண்ணே, நாங்க தாங்கிக்குவோம்" என்றான் ஒட்டடைக்குச்சி.

"உன்னை யாரு கூப்பிட்டா? போய்ப் பத்த வைக்கிற வேலையைப் பாரு" என்றாள் அக்கா.

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக் அத்தான் பக்கம் திரும்பினான். இரண்டு வழி இருந்தது. உண்மையைப் போட்டு உடைத்துப் பேரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எதிரே அக்கா நின்றாள், கண்ணாலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு. இல்லையென்றால், நான்தான் சரியாக மாட்டவில்லை என்று தலையைக் குனிந்துவிடலாம். அவன் முயன்று பார்த்தான். நாக்கு எழவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொள்கிற பெருந்தன்மை அவனிடம் கிடையாது. அதுவும் கியர்பாக்ஸ் விஷயத்தில்.

சுவரில் மாட்டியிருந்த நீள ஸ்க்ரூ டிரைவர் கண்ணில் பட்டது. முழங்கை நீளம், மரப்பிடி. வண்டிக்குள் எது நோகிறது என்று கேட்க அதைத்தான் எடுப்பான். முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். அதற்குக் காதின் தயவு தேவையில்லை. அத்தானுடைய காதுக்கு அது உதவுமா என்று அவனுக்குத் தெரியாது. உதவாவிட்டால் பேரும் போகும், அக்காவின் உறவும் போகும்.

அதை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டியிருந்த குழியை அத்தானிடம் காட்டினான். "கீழ வாங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நான் போட்டது பழைய சாமான்னு நீங்க சொல்லிட்டா இந்த போர்டைக் கழட்டிடறேன்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். முதல் தடவையாக, திருப்பிச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வண்டியைக் குழிமேல் ஏற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கில்.

"கிளட்சைப் பாதி மட்டும் மிதிச்சு ரெண்டாவது போடுங்க" என்று கீழிருந்து கத்தினான் மெக்கானிக்.

"பாதியா? அரைக்குமே?"

"அரைக்கட்டும். நிறுத்தச் சொல்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருங்க."

குழிக்குள் இரண்டு பேர்தான். எண்ணெய் படிந்த சுவர்கள், ஒரு பல்பு, தலைக்கு மேல் மூத்ததின் வயிறு. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கியர்பாக்ஸில் ஊன்றினான். அத்தானின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, பிடியை அவருடைய காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினான்.

மேலே மாப்பிள்ளை கியரைத் தள்ளினார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ஒட்டடைக்குச்சி டயரைவிட்டு எழுந்தேவிட்டான்.

அத்தானின் தாடை இறுகியது. யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி உடம்பு உதறியது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். மேலே மாப்பிள்ளை மறுபடி தள்ளினார், பட்டறையே அதிர்ந்தது. அத்தான் அசையாமல் நின்றார். குனிந்து எலும்பைப் பிடியில் வைத்தார். முகம் சுளித்தது. எடுத்தார். முகம் தெளிந்தது. வைத்தார். அளக்கிறவர் ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப அளப்பது போல, வைத்து வைத்து எடுத்தார்.

"தினமும் இப்படித்தானா?" என்றார்.

மெக்கானிக் தலையாட்டினான்.

"மேல எல்லாருக்கும் கேக்குதா?"

தலையாட்டினான்.

குழியின் விளிம்பில் அக்காவின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. அத்தான் அவற்றைப் பார்த்தார். பிறகு தன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தட்டிக்கிட்டே வருவா" என்றார். "ஏதோ பாசத்துல தட்றான்னு நெனச்சேன்."

மெக்கானிக் அவர் முகத்துக்கு நேரே வந்து, வாயசைவு தெரியும்படி சொன்னான். "பாசந்தான் அத்தான். கூடவே கியரும்."

அத்தான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் வேட்டியிலேயே துடைத்து அவன் கையில் கொடுத்தார். படியேறினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இஞ்சினை நிறுத்தினார்.

"அளந்து பாத்தாச்சு!" என்றார் அத்தான். "கல்லு தப்பான எடத்துல இருக்கு. நட்டவன் நான். மச்சான் வேலையில ஒரு மயிரிழை குத்தம் கிடையாது. எனக்குத்தான் காது கேக்கலே. சம்பந்தி வீட்ல நானே போய்ச் சொல்றேன்!"

எதிர்வரிசைக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் போனவன் ஒருவன் காலை ஊன்றி நின்றான். அத்தானுக்கு மெல்லப் பேச வராது. அதற்காக மெக்கானிக் அன்று கொஞ்சமும் வருத்தப்படவில்லை. நிமிர்ந்து போர்டுக்குக் கீழே நின்றுகொண்டான், கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் நன்றாகக் கேட்கட்டும் என்று.

அக்கா மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இதை இப்படி ஊருக்கே கத்தணுமா?"

"என்ன சொல்றா?" என்றார் அத்தான் மாப்பிள்ளையிடம்.

"இனிமே அத்தைதான் முன்சீட்டுன்னு சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை, சத்தமாக.

கியர்பாக்ஸ் மறுபடி பிரிந்து மறுபடி சேர்ந்தது. மெக்கானிக் இந்தத் தடவை இன்னும் நேரமெடுத்துச் செய்தான், ஒருவர் வாயால் கேட்ட சான்றிதழுக்குப் பதில் மரியாதை செய்கிற மாதிரி. வேலை முடிந்த மறுநாள் காது டாக்டரிடம் போனார்கள். அத்தான் ஸ்டியரிங்கில், அக்கா பக்கத்தில், மெக்கானிக் பின்னால். அக்கா இப்போது ஒளித்து மறைத்துத் தட்டவில்லை. பட்டென்று அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கியர், வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான்.

பரிசோதனை அறை, அறைக்குள் ஒரு அறையாக இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு நாற்காலி, சின்னதாக ஒரு கண்ணாடி. வெள்ளைக் கோட்டுப் பெண் அத்தான் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும் என்று கைச்சாடையில் விளக்கினாள். "சாவி, போன் எல்லாம் வெளியில குடுத்துடுங்க."

போனை அக்காவிடம் கொடுத்தார். சாவியை எடுத்து ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் நீட்டினார். ரிப்பேருக்கு அல்லாமல் அவர் அதை இன்னொருவர் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"இவன் என் மச்சான்" என்றார் அந்தப் பெண்ணிடம், வரிசையில் காத்திருந்தவர்களெல்லாம் கேட்க. "கியர்பாக்ஸ் வேலையில இவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. வண்டியில இப்ப ஒரு சத்தம் வராது. என் காதையும் அந்த மாதிரி பண்ணிக் குடுத்துரும்மா."

"சத்தம் வராத மாதிரியா சார்?"

"என்ன?"

அக்கா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அத்தான் கியர் மாற்றியவர் மாதிரி உள்ளே போனார். சட்டையை இழுத்துவிட்டு, எல்லைக்கல் நடுகிற இடத்தில் நிற்பவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

கனமான கதவு. ஒரு உரசல்கூட இல்லாமல் வந்து பொருந்தியது. நல்ல வேலை என்று மெக்கானிக் மனதுக்குள் ஒத்துக்கொண்டான். அந்தப் பெண் கைப்பிடியைத் திருகிப் பூட்டினாள்.