மிச்சம் வைக்காத மாப்பிள்ளை

எரியோட்டில் சித்தப்பா வீட்டு விருந்தில் ராயப்பராஜின் இலை மறுபடியும் காலியானது. குழம்பை வழித்து நக்கி, முருங்கைக்காய்ச் சக்கையை ஓரத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டு நிமிர்ந்தான். சித்தி சோற்றுச் சட்டியோடு வந்து இன்னொரு அகப்பை தட்டினாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. குனிந்து பிசையத் தொடங்கினான்.

புதுப்பெண் புஷ்பமேரி அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சொந்தத்தில் மறுவீட்டு விருந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை இலையோரத்தில் ஒரு பிடி சோற்றை விட்டுவிட்டு எழுந்துகொள்வார். போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். புதுப்பெண் அதே இலையில் உட்கார்ந்து, அந்தப் பிடியிலிருந்து சாப்பிட ஆரம்பிப்பாள். இலை காலியாகக் கிடந்தால் பசி தீரவில்லை என்று அர்த்தம். பெண்டாட்டியை நினைக்கவில்லை என்றும் அர்த்தம்.

"மாப்பிள்ளைக்கு வயிறா, வெங்காய மண்டியா?" என்றாள் சித்தி, உள்ளே வந்து. "ஏ புஷ்பம், ராத்திரி சட்டியை ஒளிச்சு வச்சுக்கோடி. இல்லாட்டி உனக்குக் கஞ்சித்தண்ணி கூட மிஞ்சாது."

பெண்கள் சிரித்தார்கள். புஷ்பமேரிக்குத் தனியாக ஒரு இலை போட்டார்கள். புளிப்பும் காரமும் நாக்கில் பட்டன, பட்டதோடு சரி. கோபம் வந்திருக்க வேண்டும், அவமானமாகவாவது இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டும் வரவில்லை. கோயிலில் மோதிரம் போட்ட நாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைப் போல அவளே அவளுக்கு எட்டாமல் இருந்தாள். கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அம்மா இல்லாத அவளை வளர்த்தவள் வியாகுலம்மாள் அத்தை. கலியாணத்துக்கு மறுநாளே தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள்: "விருந்து முடியிறது என் வீட்லதான். அங்க வச்சு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அவரோட போறேன்னா போ. மனசில்லைன்னா மேலுக்கு முடியலைன்னு சொல்லி உன்னை நிப்பாட்டிக்கிறேன். அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்." புஷ்பமேரி தலையாட்டினாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். சேவுகம்பட்டிப் பெரியப்பா வீட்டிலும் அது கிடைக்கவில்லை. அங்கே கறிக்குழம்பு, அங்கேயும் அவன் இலை வழித்துவிட்டது போலக் கிடந்தது.

சேவுகம்பட்டியிலிருந்து பாலசமுத்திரத்துக்குக் கிளம்பினார்கள். பட்டாளம் ஏலத்தில் விட்ட பழைய லாரி அது. வெங்காய மண்டி அப்துல் சுக்கூர் முதலாளி, தன் டிரைவருக்குக் கலியாணம் என்று விருந்து முடியும்வரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பின்பக்கம் வெங்காயச் சருகு காற்றில் சுழன்றுகொண்டே வந்தது. வெற்றிலைக் கொடிக்கால்கள் பின்னால் போயின. வலதுபுறம் வெயில், இடதுபுறம் மலை. அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு புளியமரத்தடியில் சட்டென்று நிறுத்தி இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அவள் கூஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொப்பளித்தான்.

"இம்புட்டும் எதுக்குச் சாப்பிடுறீங்க? செத்த மிச்சம் வச்சா விட்ருவாங்கல்ல."

"மிச்சம் வைக்க வரமாட்டேங்குது."

அவன் மலையைப் பார்த்துச் சொன்னான். "செர்மன்காரன் சண்டையில இத்தாலியில ரேஷன் லாரி ஓட்டினேன். ஊரு இப்படித்தான் இருக்கும். தள்ளி மலை, கீழ காடு. கொடிக்கால் மாதிரியே திராட்சை போட்டிருப்பாங்க, ஆனா எல்லாம் குண்டு விழுந்து கருகிக் கெடந்துச்சு. மாவு, டின் கறி, ரொட்டின்னு ஊர் ஊராக் கொண்டு போவோம். அம்புட்டும் பட்டாளத்துக்கு. நாங்க தின்னு மிஞ்சுறதுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் சனம் சட்டியோட நிக்கும். கூட்டம் சேருதுன்னு, மிச்சத்தைக் குழியில கொட்டி மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு." கூஜாவை மூடினான். "ஊத்தின பொறவும் ஒரு பொம்பளை உள்ள இறங்கிச்சு. கழுத்துல செபமாலை. ஒரு ரொட்டியை எடுத்துப் பாவாடையில தொடைச்சுச்சு. தின்னுச்சு."

காற்றில் வெங்காய வாடை வந்தது. அழ வேண்டும் போலிருக்கிறதா என்று புஷ்பமேரி தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. ஆனால் அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது. அதைச் சொன்னாள்.

"இலையில விடுறது குழிக்குப் போறதில்லைங்க. எனக்கு."

"உனக்கா?"

"நீங்க எந்திரிச்ச இலையிலதான் நான் உட்காரணும். வழக்கம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அவன் அநாதை விடுதியில் வளர்ந்தவன். அங்கே தகரத்தட்டு, பட்டாளத்திலும் தகரத்தட்டு. யார் சொல்லியிருப்பார்கள்? அவளும் சொல்லவில்லை, தெரியும் என்றே நினைத்திருந்தாள். "அப்ப ரெண்டு வீட்லயும் நீ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். வண்டியை எடுத்தான்.

அத்தை வீட்டில் நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். மாமா பழனிப் பக்கத்துக்காரர். அவரே பரிமாறினார். "ஏனுங்க மாப்பிள்ளை, கூச்சப்படாமச் சாப்பிடுங்க. உங்க சாப்பாட்டுச் சேதி முன்னாடியே வந்துருச்சுங்க. அதான் ரெண்டு கோழி." பந்தியில் சிரிப்பு எழுந்தது.

ராயப்பராஜ் சிரிக்கவில்லை. மெதுவாகச் சாப்பிட்டான். இலையோரத்தில் ஒரு பிடி சோறு மீந்தபோது அவன் கை நின்றது. மாமா சட்டியை நீட்ட, தலையாட்டி மறுத்தான். மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் யாராவது இலையைச் சுருட்டிவிடுவார்கள் என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க மாப்பிள்ளை, தண்ணி அங்கிட்டு இருக்குதுங்க."

"இருக்கட்டும் மாமா."

அடுக்களையில் வியாகுலம்மாள் அத்தை அகப்பையும் கையுமாக அவள் பக்கம் திரும்பினாள். "என்ன புள்ள சொல்ற?"

புஷ்பமேரி கதவு வழியே பார்த்தாள். அவன் இன்னும் அந்த இலைக்குக் காவல் இருந்தான். கூடத்துக்குப் போனாள். புருஷன் எழாத இலையில் பெண்டாட்டி உட்காருவது அந்த வீட்டில் நடந்ததில்லை. பார்த்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவள் அவனுக்கு எதிரே, இலையின் மறுபக்கம் உட்கார்ந்தாள். பசிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பின்னால் அத்தை அகப்பையோடு வந்து நிற்பது மட்டும் தெரிந்தது.

எங்கிருந்தோ ஈக்கள் வந்துவிட்டிருந்தன. குழம்பு காய்ந்து வெடித்த தன் எச்சில் கையை அவன் அந்த ஒரு பிடிச் சோற்றின் மேல், படாமல், குடை போலப் பிடித்துக்கொண்டிருந்தான்.