ராகேலுக்கு விடுபட்ட வரி

செத்து மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகிவிட்ட ராகேல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் புரூப் பார்ப்பவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் அந்த வாரம்தான் பைபிளின் தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் அச்சாகி முடிந்திருந்தன. அவற்றில் யாக்கோபு பக்கத்துக்குப் பக்கம் வருவார், ஆபிரகாம் எப்போதாவது தலைகாட்டுவார். யாக்கோபின் மனைவி ராகேலுக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் இடம், அதிலும் தொலைந்த பிள்ளைகளுக்காக அழுகிற வேலை. பிள்ளைகள் திரும்பி வருவார்கள், அழாதே என்று கடவுள் அவளைத் தேற்றுகிற வரி அடுத்து வர வேண்டும். அந்த வரியைப் புரூப் பார்ப்பவர் அடித்து நீக்கிவிட்டார். அவருடைய மகன் கப்பலேறிப் போய்ப் பதினோரு வருஷமாகக் கடிதம் இல்லை. திரும்பி வருவார்கள் என்று அச்சில் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் கவனிக்கவில்லை, ஆயிரம் பிரதிகள் வெளியே போய்விட்டன.

தேற்றுகிற வரி இல்லாததால் ராகேலுக்கு அழுகையை நிறுத்த வழியில்லை. அவள் கண்ணீரின் ஈரத்தில் இரண்டாம் வாரமே வாசல்கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொண்டது, பிறகு பின்கதவும். தச்சர் வெளியிலிருந்து நெம்பிப் பார்த்து, உளி முனை மழுங்கியதும் கையை விரித்துவிட்டுப் போனார். அரிசி, பருப்பு, புரூப் தாள் எல்லாம் ஜன்னல் கம்பி வழியாக வந்தன. அப்படியே நான்கு வருஷம் ஓடிற்று. புரூப் பார்ப்பவருக்கு மூச்சு முட்டியது. அவர் மனைவிக்குக் கவலை வேறு. மகன் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கதவருகிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

"அவன் வந்து தட்டினா எப்படித் திறக்கறது? ஆள் இல்லேன்னு திரும்பிப் போயிடுவானே!"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அந்த வரிய அடிச்சது நான்தான்" என்றார்.

"எந்த வரி? சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள் மனைவி.

படியில் உட்கார்ந்து மனப்பாடமாகச் சொன்னார். ராகேல் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினாள். மனைவியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வருவான்னு நீங்க நம்பல. அதனாலதானே அடிச்சீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எழுந்து போய் ஜன்னலில் கிடந்த புரூப் தாளை எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் மனைவி அழத் தொடங்கினாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. சமையலை இப்போது ராகேல் பார்த்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தார் ஜன்னலுக்கு வந்தால், அம்மா எப்படி இருக்காங்க என்று அவளிடம்தான் விசாரிக்கிறார்கள்.

"இன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா" என்பாள் ராகேல்.