எட்டாம் நம்பர் எழவில்லை

"வீட்டிலிருந்தே எல்லாக் கணினியையும் எழுப்பிடுவேன் சார்" என்று நான் வாயை விட்டதுதான் வினை.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தில் எட்டுக் கணினிகள். எதற்கும் சொந்த ஹார்ட் டிஸ்க் கிடையாது. பின்னறை சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகத்தான் விண்டோஸ் ஏறும். அவற்றை ஆன் செய்ய நான் உட்லண்ட்ஸிலிருந்து தினமும் ஆறு மணிக்கே ரயிலேறுவேன். முதலாளி கோவிந்தராசு ஒரு வாரம் பரீட்சை வைத்தார். வெள்ளி வரை காலை எட்டுக்குள் எட்டும் எழுந்தால், இனிக் காலை வேலை எனக்கு வீட்டிலிருந்தே.

திங்கள் காலை படுத்தபடியே, கணினிகளை எழுப்பும் சிக்னலை நெட்வொர்க் வழியாக அனுப்பினேன். ஏழு எழுந்தன. எட்டாம் நம்பர் அசையவில்லை. காலையும் மாலையும் அங்கே கூட்டிப் பெருக்க வரும் ரஞ்சிதக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எட்டாம் நம்பரைக் கொஞ்சம் ஆன் பண்ணி விடுங்களேன். சார்கிட்ட மூச்சு விடாதீங்க."

"சும்மாவா? ரெண்டு மசால் வடை அனுப்பு லா."

அனுப்பினேன்.

மதியம் போய் அணைத்துவிட்டுப் பார்த்தால், அந்தச் சனியன் முதல் சிக்னலுக்கே எழுந்து நிற்கிறது! கேபிளை மாற்றினேன். பயாஸ் அமைப்புகளைக் குடைந்தேன். செவ்வாயும் புதனும் வியாழனும் காலையில் அதே கதை, அதே வடை. எரிச்சலில் அழுகையே வந்தது.

வியாழன் மாலை முதலாளி, "நாளைக்கு நானே சீக்கிரம் வந்து பாக்குறேன் ஹஸீனா" என்றார். அன்றிரவே வீட்டில் உட்கார்ந்து நெட்வொர்க் பதிவுகளைத் தோண்டினேன். எட்டாம் நம்பரின் இணைப்பு தினமும் மாலை ஏழு ஐந்துக்கு அறுந்திருந்தது. கணினி அணைந்திருந்தாலும், கரண்ட் இருந்தால் இணைப்பு அறாது. ஏழு ஐந்துக்கு அங்கே இருப்பது ஒரே ஆள்.

"அக்கா, பிளக்கைப் பிடுங்குறீங்களா?"

"மொத தடவை வேக்கம் கிளீனர் போடப் பிடுங்கினேன், திருப்பிச் சொருக மறந்துட்டேன். அப்புறம் மறக்கல."

"பின்ன ஏன்?"

"வடை நல்லா இருந்துச்சு."

அடிப்பாவி! முதலாளியிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் என் குட்டும் உடையும். கெஞ்சினேன். விடிந்ததும் வந்து பிளக்கைச் சொருகினார்.

வெள்ளி காலை எட்டும் எழுந்தன. முதலாளி கைதட்டியது போனிலேயே கேட்டது. "இனிமே காலையில நீ வீட்டுலேர்ந்தே பாரும்மா" என்றார்.

அடுத்த திங்கள், போர்வைக்குள்ளிருந்து மகாராணி கணக்காய்ச் சிக்னல் அனுப்பினேன். ஏழு எழுந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன்.

"இன்னைக்கு உளுந்து வடை," என்றார் ரஞ்சிதக்கா. "சட்னியோட."