சூரியனுக்கு எத்தனையாம் பக்கம்?

சூரியனில் புயல் அடிப்பதற்கும் கல்லடியில் வல்லிபுரம் மாஸ்டர் வீட்டில் ஆசிரியர் குழு கூடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் பிறகு சில நாட்களுக்கு யாருக்கும் யாரோடும் தொடர்பு கிடைக்காது.

மாஸ்டர் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அறிவியல் வட்டத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியர். அது காலாண்டிதழ், எந்தக் காலத்துக் காலாண்டு என்று மட்டும் அட்டையில் போடுவதில்லை. இதையெல்லாம் விடப் பெரிய பதவி ஒன்றும் அவரிடம் இருந்தது. மண்டூர்ப் பக்கம் தன் ஊர்க் கோயிலுக்கு அவர் வண்ணக்கராக இருந்தவர். எந்தத் தாய்வழிக் குடிக்கு எந்த நாள் திருவிழா, யாருக்கு முதல் மரியாதை என்று பங்கிட்டு, மண்டை உடையாமல் கொடியை இறக்கி வைப்பதுதான் வண்ணக்கர் வேலை. கூட்டம் நடத்த அவருக்குத் தெரிந்த வழியும் அது ஒன்றுதான். ஆய்விதழையும் அப்படித்தான் நடத்தினார்.

பதினொரு வருடத்துக்கு முன், பதினொரு வருடத்துக்கு ஒருமுறை வரும் கொந்தளிப்பின் உச்சத்தில் சூரியன் நின்றபோது, விண்வெளி வானிலைக்கு ஒரு சிறப்பிதழ் போடத் திட்டமிட்டார். சூரியன் பொங்கித் துப்புவது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கி, இங்கே வானொலியையும் செய்மதி வழிகாட்டியையும் குழப்புகிற கதைதான் விண்வெளி வானிலை. கட்டுரைகளைச் சூரியனில் தொடங்கிப் படிப்படியாகத் தரைக்கு இறக்கினார். தரையில் இருந்தது தங்கராசாவின் கட்டுரை. தங்கராசா நில அளவையாளர். வட்டை வட்டையாக வயல் அளந்தவர். செய்மதி பிழைத்தால் வரம்பு எவ்வளவு தள்ளிப்போகும் என்று எழுதியிருந்தார். கடைசிக் கட்டுரை தன்னுடையது என்று கண்டதும், தன் குடியை எந்தக் கோயிலிலாவது கடைசியில் நிறுத்தியது உண்டா என்று கேட்டு, கட்டுரையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். இதழ் நின்றது. கொஞ்ச நாளில் சூரியனும் மனம் வெறுத்து அடங்கிவிட்டது.

இப்போது மறுபடியும் உச்சம். மாஸ்டருக்கு வயது எழுபத்துநாலு. அடுத்த உச்சம் வரும்போது எண்பத்தைந்து. இந்தக் கூட்டலை அவர் ஒருநாள் காலை பிரஷர் குளிசை போடும்போது மனதுக்குள் செய்து பார்த்தார். பிறகு செய்யவில்லை.

இந்த நிலையில் கம்சாயினி தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழக விரிவுரையாளர். குழுவில் உண்மையாகவே ஆராய்ச்சி செய்கிறவள் அவள் ஒருத்திதான். காந்த மத்தியகோட்டுப் பக்கம் பொழுதுபட்ட பிறகு மேல்வானத்து அயனமண்டலத்தில் எழும்பும் குமிழிகளைப் பற்றி எழுதியிருந்தாள்.

“சேர், உச்சம் தாண்டிட்டுது போல இரிக்கு. கரும்புள்ளி குறையத் தொடங்கிட்டு. சித்திரைக்குள்ள இதழ் வராட்டி நான் கட்டுரைய வெளிநாட்டுக்கு அனுப்பிருவன்.”

மாஸ்டர் இந்தச் செய்தியைக் குழுவுக்குச் சொல்லவில்லை. சூரியன் இறங்குகிறது என்று தெரிந்தால், அடுத்த தடவை ஆறுதலாகப் பார்ப்போம் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அடுத்த சனிக்கிழமையே கூட்டத்தைப் போட்டார்.

கூட்டம் காலையில் தொடங்கியது. மாஸ்டரின் மனைவி அன்னப்பூரணி அக்கா ஊற்றிய தேநீர் ஆறி, ஆவியாகி, மேகமாகி, வாவிக்கு மேலே சின்ன மழையாகவும் பெய்தது. கட்டுரை வரிசை மட்டும் முடிவாகவில்லை. தங்கராசா சத்தம் வைத்த நேரம் கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவர்களுக்கு மீன் கொத்துவது நின்றுபோனதாம்.

“இந்த முறையும் நான்தான் கடைசியோ?” என்றார் அவர். கட்டுரை ஏற்கனவே பாதி சுருண்டிருந்தது.

மாஸ்டருக்குள் இருந்த வண்ணக்கர் விழித்துக்கொண்டார். “தங்கராசா, மண்டூர்த் திருவிழாவுக்குச் சனம் எந்த நாளைக்கு அள்ளுப்பட்டுப் போற?”

“தீர்த்தத் திருவிழாவுக்கு.”

“தீர்த்தம் எப்ப?”

தங்கராசா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “கடைசி நாள்.”

“உன்ட கட்டுரைதான் தீர்த்தம்.”

சுருட்டிய தாள் மெல்ல மெல்ல விரிந்தது. தீர்த்தம் என்றால் வண்ணப்படம் ஒன்றாவது வேண்டுமே என்று தங்கராசா கேட்டார். மாஸ்டர் இரண்டாகவே கொடுத்தார்.

ஆதம்பாவா இதையெல்லாம் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டமாவடிக்காரர், தொலைத்தொடர்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளின் வானொலி சூரியப் புயலில் ஊமையாவதைப் பற்றி எழுதியிருந்தார்.

“தீர்த்தம் கொடியேத்தம் எல்லாம் எனக்குச் சரிவராது மாஸ்டர்” என்றார். “எங்கட பள்ளியில முதல் வரிசையில நிண்டு தொழுறவனுக்குத்தான் நன்மை கூட. முந்தி வாறவனுக்கு முன் வரிசை. எல்லாருக்கும் முந்திக் கட்டுரை தந்தவன் நான். எனக்கு முதல் பக்கம்.”

நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், முதல் பக்கம் சூரியனுக்கு உரியது. சூரியனைப் பற்றிய கட்டுரை மாஸ்டருடையது. பதினொரு வருடமாகத் திருத்தித் திருத்தி, முற்றுப்புள்ளிகூட இரண்டு தடவை இடம் மாறிய கட்டுரை. தன் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கிக்குச் சூரிய வடிகட்டி போட்டு அவரே எடுத்த சூரியன் படம், முதல் பக்கத்தில், ஆசிரியர் பெயருக்குக் கீழே எப்படி இருக்கும் என்று அவர் கண்ணை மூடியே காட்டுவார்.

கம்சாயினி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இணையத்தில போடக்குள்ள முதலும் இல்ல, கடைசியும் இல்ல சேர். கட்டுரைய ஒவ்வொண்டாத்தான் எடுத்து வாசிக்கிற.”

திருவிழாக் கூட்டத்தில் எழும்பி, கடவுள் எங்கும் இருக்கிறார்தானே என்று சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். பையின் சிப்பை இழுத்த சத்தம் மாஸ்டருக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பை வாசல் தாண்டினால் சித்திரையும் போச்சு, சூரியனும் போச்சு.

வண்ணக்கருக்கு என்று ஒரு திருவிழா கிடையாது. எல்லாக் குடிக்கும் நாள் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர் நடுவில் வியர்த்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் அப்படி எத்தனையோ வருடம் நின்றவர்.

“முதல் பக்கம் ஆதம்பாவாவுக்கு. கடைசி தங்கராசாவுக்கு” என்றார். “என்ட சூரியன நடுவில போடுவம். மற்றதெல்லாம் அதச் சுத்தி வரட்டும்.”

தங்கராசாவுக்கு உடனே சந்தேகம் வந்தது. நடுத் திருவிழாவுக்குத் தீர்த்தத்தை விட மதிப்பு ஏதும் உண்டா என்று விசாரித்தார். கிடையாது என்றார் மாஸ்டர். நடு வரிசைக்குத் தனியாக நன்மை ஒன்றும் சொல்லப்படவில்லை என்று ஆதம்பாவாவும் உறுதிசெய்தார். நடுப்பக்கத்தில் ஒரு பெறுமதியும் இல்லை என்பது தீர்மானமான பிறகே இருவரும் சம்மதித்தார்கள். இப்போது சூரியனுக்கு முன்னால் வந்துவிட்ட கம்சாயினியின் கட்டுரையில், ‘சூரியனைப் பற்றி முன்னர் பார்த்தோம்’ என்று ஒரு வசனம் இருந்தது. அதைத் தான் மாற்றித் தருவதாக அவள் சொன்னாள். அந்தக் குழு தோன்றிய காலம் முதல், ஒருவர் தானாக ஒரு வசனத்தை மாற்ற முன்வந்தது அதுவே முதல் தடவை. பை மறுபடி திறந்தது.

இதழ் சித்திரைக்குள் வந்தது. அச்சகத்தார் நடுத்தாளில் சூரியனை இரண்டு பக்கத்துக்கும் பரத்திப் போட்டு, இதழை மடித்து, வழக்கம்போல நடுமடிப்பில் இரண்டு கம்பி அடித்திருந்தார்கள். இரண்டும் சூரியனின் நெஞ்சில் இறங்கியிருந்தன. கல்லடியின் உப்புக் காற்றுக்குக் கதவின் இரும்புப் பிணைச்சலே நிற்காது, கம்பி எம்மட்டு? ஒரு கிழமைக்குள் துருப்பிடித்தது.

ஓட்டமாவடியிலிருந்து நிஸ்தார் என்ற விஞ்ஞான ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். மற்றக் கட்டுரைகளை அவர் இன்னும் தொடவில்லை. இதழைக் கையில் எடுத்தால் அது தன்பாட்டில் நடுப்பக்கத்தில்தான் விரிகிறதாம்.

“சூரியன்ட நடுவில ரெண்டு கரும்புள்ளி என்ன தெளிவா விழுந்திரிக்கு சேர். உச்சம் குறைஞ்சிட்டு எண்டு ஆக்கள் சொல்றாங்களே?”

மாஸ்டர் மேசையில் விரிந்து கிடந்த தன் பிரதியைக் குனிந்து பார்த்தார். துரு தாளில் நன்றாக ஊறிப் பரவத் தொடங்கியிருந்தது.

“குறையல” என்றார். “கல்லடியில இருந்து பாக்கக்குள்ள நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டுதான் வருது.”