படம் ஒரு கை, எழுத்து ஒரு கை

1994 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், மாநில ஆவணக் காப்பகத்தின் முதல் மாடிக்கு மூன்று அட்டைப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. வனத்துறையில் வரைபடக்காரராக இருந்த ஒருவர் ஓய்வு நேரத்தில் வண்ணத்தில் வரைந்த செடிகொடிகள் உள்ளே இருந்தன. கொண்டுவந்தவர் அவருடைய மகன். ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

காப்பாளர் அம்மாள் கொஞ்சம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணுலயும் பேரே இல்லையே. உங்க அப்பா குறிப்பு எதுவும் எழுதலையா?"

"எழுதினார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு தாள். அதெல்லாம் தங்கச்சிகிட்ட இருக்கு."

அப்பா இறந்த பிறகு, ஒருவரை ஒருவர் நம்பாமல், அண்ணனும் தங்கையும், படமும் தாளும் மாறிமாறி இருந்த அந்தக் காகிதக் கட்டை, சீட்டுப் போடுவதுபோல 'உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு' என்று மேலிருந்து பிரித்துக்கொண்டார்கள். படமெல்லாம் அண்ணனுக்குப் போயிற்று, எழுத்தெல்லாம் தங்கைக்கு. பாதியிலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் நிறுத்துகிறவர் தோற்றவர் என்பதால் யாரும் நிறுத்தவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. தாள்களில் எண் கிடையாது. அடுத்தடுத்து இருந்ததுதான் அடையாளம். அதையும் அண்ணன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று படங்களை அளவு வாரியாக அடுக்கிக் கலைத்துவிட்டிருந்தார்.

காப்பாளர் தங்கைக்குக் கடிதம் போட்டார். வருகிறேன், ஆனால் தாள்களைக் கையோடு திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பதில் வந்தது.

வாசிப்பறையில் பேனாவுக்கும் உரத்த பேச்சுக்கும் அனுமதியில்லை. தங்கையோ கிசுகிசுத்தாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் ரகம். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு காப்பாளரிடம் பேசினார்.

"கடைசிக் காலத்துல அப்பா என் வீட்டுலதாம்மா இருந்தார். இவர் வந்ததும் வராததுமா பங்கு போட உக்காந்துட்டார். நான் என்ன திருடியா?"

"திருடின்னு யாரும் சொல்லலம்மா." அண்ணனும் காப்பாளரைப் பார்த்தே சொன்னார். "பாதி நாள் வண்டியிலயே போச்சு. அப்பா ஞாபகமா எனக்கு எதுவும் மிஞ்சாதோன்னு பயம்."

"சண்டைய மெதுவாப் போடுங்க," என்றார் காப்பாளர். "இப்பத் தாளப் படிங்க."

தங்கை முதல் தாளைப் படித்தார். "'இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல். பூ விடியும்போது வெள்ளை, பொழுது சாயும்போது சிவப்பு. ஓடைக் கரையில் கண்டது.'"

அண்ணன் அடுக்கில் தேடி ஒரு படத்தை உருவி நடுவில் வைத்தார். தங்கை குனிந்து பார்த்தார்.

"இதுவா அது? இத்தன வருஷமா நான் இத மரம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"மரமாம். முழங்கால் உசரம் இருந்தா அதிகம்னு சொல்லுங்கம்மா."

"படத்த ஒளிச்சு வெச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியுமாம்?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிற்பகலில் கட்டின் அடிப்பகுதிக்கு வந்தபோது அண்ணன் ஒரு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது அப்பா எழுத்து இல்லையே. உன் எழுத்து." காலையிலிருந்து தங்கையைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. படம் மட்டும் நானேதான் போடுவேன்னு பிடிவாதம். குறிப்ப அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

அண்ணன் கடைசிப் படங்களைப் பிரித்து வைத்தார். தண்டும் இலையும் அலையலையாக இருந்தன.

"நடுக்கமா இது," என்றார். "காத்துல ஆடுற செடின்னு நெனச்சேன்."

பிறகு அவர் காப்பாளரிடம் சொன்னார். "பதிவேட்டுல எழுத்துன்னு போடுற எடத்துல அப்பா பேரோட இவ பேரையும் போடுங்கம்மா."

"வேலையத்த வேலை," என்றார் தங்கை. பிறகு, "கண்ணாடியத் துடைங்கண்ணா. இன்னும் எவ்வளவு கெடக்கு."

மிச்சத்தைச் சேர்க்க இருவரும் மறுநாளும் வந்தார்கள். தாள்களைத் தங்கை திருப்பிக் கேட்கவில்லை. சேகரிப்பு அடுத்த ஜனவரியில் ஒரே எண்ணின் கீழ் பதிவானது. படம்: தந்தை. எழுத்து: தந்தை, மகள்.