மந்தைக் கல்

குளிப்பாட்டுவதற்காக வேடியப்பனின் வேட்டியைத் தளர்த்தியபோது அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பங்காளிகள் கையை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரும்பை உடம்போடு அனுப்பக் கூடாது என்று யாரோ சொன்னார். தம்பி சிங்காரம் அரிவாள் நுனியால் கயிற்றை அறுத்து, ஈரம் சொட்டச் சொட்டச் சாவியைக் கொண்டுவந்து அண்ணி சுந்தரம்மாளின் கையில் வைத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

அது பூங்காச் சாவி. ஜவ்வாது மலைமேல் சுற்றியிருக்கிற முப்பது சிற்றூருக்கும் சந்தைமேடுதான் டவுன். இரண்டு டீக்கடை, ஒரு ரேஷன் கடை, ஒரு போஸ்டாபீஸ், போளூரிலிருந்து நாளைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் பஸ். ஒரு நகரத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் மலைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் சர்க்காருக்கு மட்டும் ஒரு குறை தெரிந்தது. சந்தைமேட்டில் பூங்கா இல்லை. நாலு பக்கமும் காடாகக் கிடக்கிற மலையில் மரம் செடி வைக்க இடம் தேடி அலைந்து, கடைசியில் ஊரின் நட்டநடுவே இருந்த மந்தையைக் கண்டுபிடித்தார்கள்.

மந்தையை விட்டால் சந்தைமேட்டில் வேறு பொது இடம் கிடையாது. வியாழக்கிழமைச் சந்தை அங்கேதான் கூடும். பஸ்ஸுக்கு வந்தவர்கள் அங்கேதான் துண்டை விரித்துப் படுப்பார்கள். வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் ஹனீஃபா பாய் தராசு கட்டுவதும் அங்கேதான். கல்யாணம் பேசியதும் அங்கே, அது சரிப்படாமல் தீர்த்துவிட்டதும் அங்கே. நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக் கல் கிடந்தது. ஊரில் யார் செத்தாலும், புதைக்கப் போகிற வழியில் பாடையை அந்தக் கல்லின்மேல் இறக்கி வைக்க வேண்டும். செத்தவர்மேல் யாருக்காவது மனத்தாங்கல் உண்டா என்று ஊர்க்கவுண்டர் மூன்று தடவை கேட்பார். இருக்கிறவர்கள் அங்கேயே சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாதவர்கள் ‘ஒண்ணுமில்ல’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதோடு சரி, பிறகு அந்த ஆளைப் பற்றிக் குறைப் பேச்சு கிடையாது. கல்லில் இறங்காமல் போகிறவன் ஊரார் மனத்தாங்கலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று சந்தைமேட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

மந்தையைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. சிமெண்ட் மான் இரண்டு வந்தன, சறுக்குமரம் வந்தது, தண்ணீர் வராத ஒரு நீரூற்றும் வந்தது. கல்லைப் பெயர்க்கப் பார்த்தார்கள், அது அசையவில்லை. வெள்ளையடித்து, சுற்றிலும் குரோட்டன்ஸ் தொட்டி வைத்து, அதற்குப் பெஞ்சு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து பதினான்கு மாதம் ஆகியும் கேட்டில் பூட்டுத்தான் தொங்கியது. ஜனங்கள் முதலிலேயே உள்ளே போய்விட்டால் மந்திரி வந்து எதைத் திறப்பார்? பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று எழுதிய போர்டை வெளியிலிருந்து படித்துக்கொண்டு, பொதுமக்கள் வேலி ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். சந்தை ரோட்டுக்கு வந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கம்பியில் சேலை மாட்டாமல் நிற்கப் பழகினார்கள். உள்ளே நடமாடியது தினக்கூலிக் காவல்காரன் வேடியப்பன் ஒருவன்தான். முந்தாநாள் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். இன்று விடியற்காலை போய்விட்டான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பத்து மணிக்கு ஓவர்சியர் சக்கரவர்த்தி ஜீப்பில் வந்து மாலை போட்டார். கெட்ட மனிதர் இல்லை. சந்தவாசல் பக்கத்தில் விவசாயி வீட்டுப் பிள்ளை, வேடியப்பனை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. சுந்தரம்மாளைக் கூரையின் ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வெள்ளிக்கிழம மந்திரி வர்றாரும்மா. அன்னிக்கி அண்ணனுக்கு வேலைய நிரந்தரம் பண்றதா இருந்துச்சு. இப்ப அத உங்க பேருக்கே போடச் சொல்றேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பொணம் மட்டும் உள்ள போவக் கூடாது. போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

அவள் சரிங்க சார் என்றாள். திரும்பி வரும்போது செல்லியைப் பார்த்தாள். செல்லி காலையிலேயே வந்துவிட்டாள். மற்றப் பெண்களைப்போலக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஆடு கட்டும் முளைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு, பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லியின் புருஷன் குப்பன் நாலு மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்தான். அவனிடம் ஒரு மாடு, வேடியப்பனிடம் ஒரு மாடு. இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் இருவரும் இருபது வருஷம் ஏர் ஓட்டினார்கள். அன்று குப்பனின் பாடை புறப்படுவதற்கு முன்பே வேடியப்பன் சாவி எடுக்கத் தன் வீட்டுக்கு ஓடி வந்தான். அப்போதெல்லாம் சாவி சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். ஆணி வெறுமையாக இருந்தது. சுந்தரம்மாள் அதற்குள் சாவியை எடுத்துச் சாமைக் குதிருக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்திருந்தாள்.

கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடலாம். ஆனால் காவல் வேலை கிடைப்பதற்கு முன் பன்னிரண்டு வருஷம், தை பிறந்தால் படவேட்டுக்குக் கரும்பு வெட்ட இறங்கியவள் அவள். ஒரு வருஷம் மூன்று பேராக இறங்கி இரண்டு பேராக ஏறி வந்தார்கள். மகள் பாஞ்சாலைக்கு நாலு வயது. வயிற்றுப்போக்கு. வரப்பு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மறுநாள் அதே வயலில் கரும்பு வெட்டினார்கள். கேட்டைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ஓவர்சியர் அப்போதும் சொல்லித்தான் வைத்திருந்தார். வேடியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மறுபடி கரும்புக்கு இறங்க என்னால் ஆகாது என்றாள் அவள். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனான்.

குப்பனின் பாடை கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் தோளிலேயே நின்றுவிட்டு, கல்லில் இறங்காமலே போனது. வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, திறக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு என்று மட்டும் சொன்னான். சாவி பெண்டாட்டியிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அது அவள்மேல் வைத்த பிரியமா, பெண்டாட்டிக்கு அடங்கியவன் என்ற பேர் வரக் கூடாதென்ற வீம்பா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் கேட்கவுமில்லை. சாயந்திரம் அவளே சாவியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாள். வாங்கி அரைஞாணில் கட்டிக்கொண்டான். அதன் பிறகு குளிக்கும்போதுகூட அதை அவிழ்த்ததில்லை. ஒரே பாயில் நாலு மாதம் அந்தச் சாவி அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஊர்க்கவுண்டர் மாதையன் வந்து, பாடையை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று கேட்டார். சாவியைப் பற்றிப் பேசவில்லை. பூட்டி வைத்தவனே பூட்டுக்கு வெளியே போகட்டும் என்று சில பேர் முணுமுணுப்பது அவள் காதிலும் விழுந்திருந்தது. மந்தை வழியாகவே போகலாம் என்றாள். திறப்பாளா மாட்டாளா என்று அவளுக்கே அப்போது தெரியாது. திறக்காவிட்டால் அவன் ஊர்ச் சுமையைத் தூக்கிக்கொண்டு போவான், அதில் பெரிய சுமை அவனுடையதே அல்ல. திறந்தாலோ மறு தைக்குப் படவேடு. அது மட்டுமா? செல்லி வாயைத் திறந்தால் பதில் சொல்ல வேண்டியவள் பெண்டாட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்கம்பியாகவே இருந்தது.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். ரோட்டோரம் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஹனீஃபா பாய் லாரி இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். கேட்டை நெருங்கியதும் தூக்கி வந்தவர்களின் நடை தானாகவே தளர்ந்தது. நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. மேளக்காரன் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அவனும் நிறுத்தினான்.

பெண்கள் கூட்டத்திலிருந்து சுந்தரம்மாள் முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். பூட்டு சுலபமாகவே திறந்தது. அவன் வாராவாரம் எண்ணெய் விட்டு வைத்திருந்தான். கேட்டின் இரண்டு கதவும் ஒரு தடவையும் முழுக்கத் திறக்கப்பட்டதில்லை, அடியில் புல் முளைத்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

“தொறக்கத்தான் தொறக்குது” என்றாள் செல்லி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. உள்ளே கால் வைக்கப் போன சிங்காரம் ஒரு நொடி நின்றான். பிறகு பாடை உள்ளே போனது. அதன் பின்னால் ஊரே போனது, வந்த துக்கத்தை மறந்து சில பேர் சிமெண்ட் மானைத் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். தொட்டிகளை நகர்த்திவிட்டு வேடியப்பனை வெள்ளைக் கல்லின்மேல் இறக்கினார்கள்.

மாதையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் தடவை கேட்டார். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று நாலா பக்கமும் குரல் வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை கேட்டதும் செல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லருகே வந்தாள்.

“எனக்குக் கீது. எங்க வூட்டுக்காரரு அர மணி நேரம் அதோ அங்க வெளிய நின்னாரு. ஒரே ஏரு ஓட்னவங்க. அண்ணன் எனக்கு மூஞ்சிகூடக் குடுக்கல. எங்க வூட்டுக்காரரு மேல யாருக்கு இன்னா தாங்கல்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அத நா இனிமே யாராண்ட போய்க் கேக்கறது?”

மாதையன் சுந்தரம்மாளைப் பார்த்தார். தீர்க்கிற வழி சுலபம்தான். செத்தவரின் காலைத் தொட்டு, அவருக்காகப் பொறுத்துக்கோ என்று பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொன்ன பிறகு யாரும் மறுத்ததில்லை, செல்லியும் மறுக்கப்போவதில்லை. எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். ஊர் மறந்துவிடும். சுந்தரம்மாள் குனிந்து அவன் காலைத் தொட்டாள். மஞ்சள் பூசிய கால் விறைத்துச் சில்லென்று இருந்தது. அவனுக்காகப் பொறுத்துக்கொள் என்று கேட்டால், செய்தது அவன்தான் என்று ஆகிவிடுகிறதே. உயிரோடு நாலு மாதம் சுமந்தது போதாதா என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

“சாவி அவர்கிட்ட இல்ல” என்றாள். “நாந்தான் எடுத்து சாமையில பொதச்சி வெச்சேன். ஓடியாந்து கேட்டாரு. குடுக்கல.”

சிங்காரம் தலையைத் திருப்பிக்கொண்டான். செல்லி அவளைப் பார்க்கவில்லை. பிணத்தின் முகத்தைத்தான் பார்த்தாள், இத்தனை நாள் எங்கேயோ போயிருந்த ஆள் வந்து படுத்திருப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். நெற்றியில் சரிந்திருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அப்ப அண்ணன் மேல எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள்.

தூக்குங்கப்பா என்றார் மாதையன். மேளம் மறுபடி எழுந்தது. வேடியப்பன் மேற்குச் சரிவில் இறங்கிப் போனான். சுந்தரம்மாளுக்கு அந்தக் கணத்தில் மனசு லேசானது உண்மைதான். இனி அவன் நிம்மதியாகப் போகலாம். பாடை மரங்களுக்குள் மறைந்த பிறகுதான், பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஓரடி தள்ளி நிற்பது தெரிந்தது. கல் செத்தவர்களைப் பற்றித்தான் கேட்கும், இருக்கிறவர்களைப் பற்றிக் கேட்பதில்லை.

பெண்கள் அதற்குமேல் போகிற வழக்கமில்லை. குளிப்பதற்காக ஓடைக்கு நடந்தார்கள். அவள் கேட்டைப் பூட்டவில்லை, பூட்டு சங்கிலியில் வாயைப் பிளந்து தொங்கியது. சாயந்திர பஸ்ஸுக்குள் ஓவர்சியருக்குத் தெரிந்துவிடும்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. தாலி அறுத்தவள் தலைக்கு மூன்று குடம் ஊற்ற வேண்டும், ஊற்றுகிறவளும் புருஷனை இழந்தவளாக, அதிலும் ஊரில் கடைசியாக இழந்தவளாக இருக்க வேண்டும். யாரும் செல்லியின் பேரைச் சொல்லவில்லை. அவளாகவே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

முதல் குடம் விழுந்ததும் சுந்தரம்மாளுக்கு மூச்சு முட்டியது. முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“எம்மேல கீறதயும் சொல்லிடு செல்லி.”

“அதக் கேக்கறதுக்கு இங்க யாரு கீறாங்க?” என்றாள் செல்லி. அதில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. “உன்ன அந்தக் கல்லு மேல வெக்கறப்ப சொல்றேன். அதுவரைக்கும் நா இருந்தா.”

இரண்டாம் குடத்தை ஊற்றினாள். கூந்தலில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழ் தண்ணீரோடு போகாமல் நின்றது. செல்லி அதை விரலால் எடுத்து ஓடையில் விட்டாள்.

“தலய குனி அண்ணி” என்றாள்.

சுந்தரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். பின்னால் செல்லி தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.